ரூம் கடைசி சார், முதல்ல பீரியட் குடுங்க

ஆகஸ்ட் 3, 2025
ஒரு ஹெச்எம் சார் கேட்டது: "மேடம், இந்த ஜூன்லதான் ப்ரமோஷன்ல வந்தேன். ஆறாவதுலருந்து ப்ளஸ் டூ வரை 700 பசங்க. போன வாரம் சுப்ரீம் கோர்ட் சொன்னதைப் படிச்சிருப்பீங்க, 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கற இடத்துல தகுதியுள்ள கவுன்சிலரோ சைக்காலஜிஸ்டோ சமூகப் பணியாளரோ ஒருத்தராவது இருக்கணும்னு. பெற்றோர் ஆசிரியர் கழகத்துல கவுன்சிலிங்குக்குன்னு ஒரு ரூமுக்கு டைல்ஸ் போட்டுத் தரேன்றாங்க. ரூம் ரெடி பண்ணி ஆளப் போட்டுட்டா மீதி தானா நடந்துடும்ங்கறது என் கருத்து. சரிதானே?"

ஆகஸ்ட் 3, ராத்திரி
சரியில்ல சார். ரூம் கடைசி.

நான் தருமபுரி மாவட்டத்துல அரசு மேல்நிலைப் பள்ளியில பாட்டனி எடுக்கறேன், 2014-லருந்து இந்த கவுன்சிலிங் பொறுப்பும் என்கிட்டதான். முதல் வருஷம் எங்களுக்கும் ரூம்தான் குடுத்தாங்க. லேப் பக்கத்துல இருந்த ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி வெள்ளையடிச்சு 'மாணவர் ஆலோசனை மையம்'னு பெரிய போர்டு மாட்டி, ரெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு மேசை. ஜூன்லருந்து அரையாண்டு வரைக்கும் தானா வந்தது நாலு பேர். அதுல ஒருத்தன் சாக்பீஸ் கேட்டு வந்தான். ஏன்னா அந்த வாசப்படி ஏறினா கிரவுண்ட்ல நிக்கற அத்தன பேருக்கும் தெரியும். "என்னடி, மெண்டலாயிட்டியா"ன்னு ஒருத்தி கேட்டா போதும், அந்த செட்டுல வேற எவளும் அந்தப் பக்கம் வரமாட்டா.

நான் உங்களக் கேக்கறது ஒண்ணுதான் சார். அந்த ஆளுக்கு வாரத்துக்கு எத்தன பீரியட் குடுப்பீங்க? டைம்டேபிள்ல எழுதி ஒட்டுவீங்களா? அதச் சொல்லுங்க, அப்புறம் டைல்ஸ் பத்திப் பேசலாம்.

ஆகஸ்ட் 4
பஸ்ல வரும்போது தோணுச்சு. அந்த டைல்ஸ் காசுல கேர்ள்ஸ் டாய்லெட்டுக்கு தாழ்ப்பாள் போடுங்க. விளையாட்டுக்குச் சொல்லல, காரணம் இருக்கு, ஞாயித்துக்கிழமை எழுதறேன்.

ஆகஸ்ட் 10
தாழ்ப்பாள் கதை.

பசங்க மனசுல இருக்கறத சீட்டுல எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி எல்லா ஸ்கூலுக்கும் வந்துச்சுல்ல, எங்க ஸ்கூல்ல அத ஹெச்எம் ரூமுக்கு நேரெதிர் சுவத்துல மாட்டினாங்க. பத்திரமா இருக்கும்னு நெனச்சுதான். ரெண்டு மாசம் கழிச்சுத் திறந்தா ஒரு மிட்டாய் பேப்பரும், 'பி.டி. பீரியட் வேணும்'னு ஒரு சீட்டும். பசங்களுக்குப் பிரச்சினையே இல்லன்னு ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு சார் சொன்னார். எனக்கு மனசு கேக்கல. பெட்டியக் கழட்டி, தண்ணி டேங்க்குக்குப் பின்னாடி, கேர்ள்ஸ் டாய்லெட் போற வழியில இருக்கற தூண்ல மாட்டினேன். அங்க எந்த ரூம் ஜன்னலும் பாக்காது. ஒரு வாரத்துல 31 சீட்டு.

முப்பத்தொண்ணுல பத்தொன்பது ஒரே விஷயம். டாய்லெட் கதவுக்கு தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சிட்டு நிக்கணும், மாதவிடாய் நாள்ல பாதிப் பேர் ஸ்கூலுக்கே வரல. நான் அத்தன வருஷமா 'மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி'ன்னு வகுப்பெடுத்துட்டிருக்கேன், பிள்ளைங்க கதவப் புடிச்சிட்டு நிக்குது.

அடுத்த நாள் ஆசாரியக் கூட்டிட்டு வந்து ஆறு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டோம். எல்லாம் சேத்து ஆயிரத்துச் சொச்சம் ஆச்சு, எஸ்எம்சி, அதான் பள்ளி மேலாண்மைக் குழு, அதோட தலைவி, ஒரு பையனோட அம்மா, அவங்கதான் முன்ன நின்னாங்க. ப்ரேயர்ல "சீட்டு எழுதினீங்க, போட்டாச்சு"ன்னு ஒரு வரி சொன்னேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் பெட்டியில வேற மாதிரி சீட்டு வர ஆரம்பிச்சுது. அப்பா குடிச்சிட்டு வந்து புஸ்தகத்தக் கிழிக்கறது, அக்கா ஓடிப்போனதால தன்னையும் நிறுத்திடுவாங்களோன்னு பயம், ஒரு பையன் ஆறு மாசமா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதத மறச்சு வெச்சிருந்தது. சொன்னா நடக்கும்னு ஒரு தடவ பாத்தாத்தான் பிள்ளைங்க பெரிய விஷயத்துக்கு வாயத் திறக்கும். கவுன்சிலிங்குக்கு வேற அஸ்திவாரம் எதுவும் எனக்குத் தெரியல.

ஆகஸ்ட் 10, இன்னும் கொஞ்சம்
பெட்டி சாவி யார்கிட்டன்னு ஒருத்தங்க கேட்டாங்க. ரெண்டு பூட்டு. ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு எஸ்எம்சி அம்மாகிட்ட. வெள்ளிக்கிழமை சேந்துதான் திறப்போம். ஆசிரியரப் பத்தின சீட்டும் வரும், அத ஆசிரியர் மட்டுமே திறந்தா அந்தப் பெட்டிக்கு அர்த்தமில்ல.

ஆகஸ்ட் 17
பீரியட் கணக்குக்கு வரேன். அமெரிக்காவுல பள்ளி ஆலோசகர் சங்கம் 250 பேருக்கு ஒருத்தர் இருக்கணும்னு சொல்லுது, அவரோட நேரத்துல 80 சதவீதம் பசங்களுக்காகவே போகணும்னும் சொல்லுது. அந்த 250 நமக்கு இப்போதைக்கு எட்டாது, உங்க 700 பேருக்கு மூணு பேர் யார் தருவா. ஆனா அந்த 80-அ நம்ம கையில இருந்தே பிடிக்கலாம். எங்க மண்டல ட்ரெய்னிங்ல பாத்த எல்லா கவுன்சிலிங் டீச்சரும் ஒரே மாதிரி சொன்னாங்க, "ஃப்ரீ பீரியட்தானேன்னு எமிஸ் வெப்சைட்ல பசங்க விவரம் ஏத்தச் சொல்றாங்க, சைக்கிள் லிஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் சரிபாக்கச் சொல்றாங்க". எனக்கும் 2017 வரைக்கும் அதே கதைதான். ஒரு பொண்ணு அழுதுட்டே வந்து நின்னா, நான் ஆதார் நம்பர் டைப் பண்ணிட்டிருந்தேன், "அஞ்சு நிமிஷம் இரும்மா"ன்னேன், திரும்பிப் பாத்தா போயிட்டா. இப்ப நினைச்சாலும் வயித்தப் பிசையுது.

அதனால உங்களால முடிஞ்சது இதுதான் சார். 28 பீரியட் எடுக்கறவங்களுக்கு 20 ஆக்குங்க. மிச்சம் எட்டையும் டைம்டேபிள்ல வேற எழுத்துல போட்டு, அந்த நேரத்துல சப்ஸ்டிட்யூஷன் கிடையாதுன்னு ஸ்டாஃப் மீட்டிங் நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. வாய்ல சொன்னா ஜூலையோட முடிஞ்சுடும்.

அந்த எட்டுல நாலு வகுப்புக்குப் போக. பசங்க நம்மகிட்ட வர்றதுக்கு முன்ன நாம அவங்ககிட்ட போகணும். எட்டாவதுல கோபம், ஒம்பதாவதுல உடம்பு மாறறது, பத்தாவதுல பரீட்ச பயம், பதினொண்ணுல குரூப் தப்பா எடுத்துட்டேன்ற கவலை. பாடம் மாதிரி எடுக்கக் கூடாது, வட்டமா உக்காந்து பேசணும். இன்னும் ரெண்டு பீரியட் தனியா பாக்க. மிச்சம் ரெண்டு போன் பண்ணவும் வீட்டுக்குப் போகவும்.

ஆகஸ்ட் 17, விட்டுப்போனது
அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர். இதவிட நல்ல கருவி ஒண்ணு நான் பாக்கல. ஜூன் ஜூலை ரெண்டு மாசத்தையும் எடுத்து வெச்சு திங்கட்கிழமை காலம் மட்டும் மேலருந்து கீழ பாருங்க. தொடர்ந்து திங்கட்கிழமை லீவ் போடற பிள்ளை வீட்ல ஞாயித்துக்கிழமை ஏதோ நடக்குது. எங்க ஊர்ப் பக்கம் அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிடுவாங்க, பாட்டிகூட இருக்கற பசங்கதான் அதிகம். வார லீவுக்கு அங்க போற பையன் திங்கட்கிழமை திரும்ப மாட்டான், அப்புறம் செவ்வாயும் வரமாட்டான், தீபாவளிக்கு அப்புறம் சித்தாள் வேலைக்கே போயிடுவான். திங்கட்கிழமையிலயே புடிச்சா ஒரு போன்ல முடியும். தீபாவளிக்கு அப்புறம்னா வீடு வீடா அலையணும், அலைஞ்சாலும் பாதிதான்.

ஆகஸ்ட் 31
மேல எழுதினத எல்லாம் படிச்சா ஏதோ நான் எல்லாம் சரியா பண்ணின மாதிரி இருக்கு. அப்படியில்ல. ஒண்ணு சொல்லணும்.

2018-ல ப்ளஸ் ஒன் பொண்ணு, நல்லா படிக்கறவ. லேப்ல ஸ்லைடு பாத்துட்டிருக்கும்போது மெதுவா, "மிஸ், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னா. நான் பண்ணிட்டேன். தலைல கை வெச்சு. அப்புறம் சொன்னா, தாய் மாமனுக்குக் கட்டி வெக்கப் போறாங்க, மண்டபம் பேசியாச்சு, வயசு பதினாறு. ரெண்டு நாள் தூங்கல. பெண்ணுக்கு 18 ஆகலன்னா கல்யாணம் பண்ணி வெக்கறது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம், அதத் தெரிஞ்சுக்கிட்டு நான் சும்மா இருக்க முடியாது. அவங்க அம்மாவ வரச்சொல்லிப் பேசினேன், நடக்கல. மூணாவது நாள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணேன். சமூக நலத்துறைல இருந்து வந்தாங்க, கல்யாணம் நின்னுச்சு, அப்பாகிட்ட எழுதி வாங்கினாங்க.

அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் என்கிட்ட பேசவேயில்ல. டி.சி வாங்கற வரைக்கும் என் வகுப்புல தலை குனிஞ்சே உக்காந்திருந்தா. காலேஜ் போனா, அது தெரியும். போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

போன் பண்ணது தப்பில்ல, இன்னிக்கும் பண்ணுவேன். சத்தியம் பண்ணதுதான் தப்பு. இப்ப எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் வார்த்தை இதுதான்: "நீ சொல்றது என்கூடவே இருக்கும். ஆனா உன் உசுருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா, இல்ல உன்னால இன்னொருத்தருக்கு ஆபத்துன்னா, நான் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாகணும். சொல்றதுக்கு முன்ன உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போன பிள்ளைங்களும் உண்டு, ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தவங்களும் உண்டு. ஆனா ஏமாத்திட்டேன்னு யாரும் நினைக்கல.

செப்டம்பர் 2
இதுக்கு ஒரு டீச்சர், "போக்சோ கேஸ்னா ஹெச்எம்கிட்ட சொன்னா நம்ம வேலை முடிஞ்சுதா"ன்னு கேட்டிருக்காங்க. முடியல. போக்சோங்கறது பிள்ளைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான 2012 சட்டம். அதோட 19-வது பிரிவுப்படி, தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீஸுக்குத் தகவல் குடுத்தாகணும். குடுக்கலன்னா 21-வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். "ஸ்கூல் பேரு கெட்டுடும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்"னு மேல இருக்கறவங்க சொன்னாலும் உங்க கடமை போகாது. எனக்கும் ஒரு தடவ அப்படிச் சொன்னாங்க, நான் கேக்கல.

பிள்ளைங்க பயப்படறது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. வாக்குமூலம் வீட்லயோ பிள்ளை சொல்ற இடத்துலயோ எடுக்கணும், கூடியவரை எஸ்.ஐ-க்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்கணும், யூனிஃபார்ம்ல வரக்கூடாது, ராத்திரில ஸ்டேஷன்ல வெக்கக்கூடாது. இதைப் பிள்ளைகிட்டயும் அம்மாகிட்டயும் முன்கூட்டியே சொன்னா பாதிப் பயம் போயிடும். இன்னொண்ணு, நடந்தத நோண்டி நோண்டிக் கேக்காதீங்க. அது விசாரிக்கறவங்க வேலை. நாம நாலு பேர் நாலு தடவ கேட்டா அந்தப் பிள்ளை நாலு தடவ அத அனுபவிக்கும்.

செப்டம்பர் 14
நாளைக்கெல்லாம் காலாண்டு, திருத்தற வேலை வரதுக்குள்ள கரியர் பத்தி எழுதிடறேன். கவுன்சிலிங்ன்னா அழற பிள்ளைக்கு மட்டும்னு நெனச்சா பாதி வேலை போச்சு. வழி தெரியாததே எங்க பசங்களுக்குப் பெரிய துக்கம்.

மேல என்ன படிக்கலாம்னு காட்டற அரசாங்கத்தோட 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்ல வந்ததுக்கப்புறம் விஷயம் பசங்க கைக்கு வர ஆரம்பிச்சிருக்கு, அத மறுக்க மாட்டேன். ஆனா ஸ்க்ரீன்ல ஓடற வீடியோவ ஒரு பையன் தன் வீட்டுக் கணக்கோட பொருத்திப் பாக்க ஆள் வேணும். "சார் பி.இ. போகச் சொல்றாரு, ஆனா ஃபீஸ்?" இதுதான் கேள்வி. அரசுப் பள்ளியில ஆறாவதுலருந்து படிச்சிருந்தா 7.5 சதவீத இட ஒதுக்கீடு, அதுல இன்ஜினியரிங் சேர்றவங்களுக்கு ஃபீஸும் ஹாஸ்டலும் அரசாங்கமே கட்டுது. காலேஜ் போற பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000, பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்லருந்து தமிழ்ப் புதல்வன்ல அதே மாதிரி. இந்த மூணும் தெரியாமலே "எங்களால முடியாதுங்க"ன்னு சொன்ன அப்பாக்கள எத்தன பேரப் பாத்திருக்கேன். பேப்பர்ல ஒரு பக்கம் பால் கணக்கு மாதிரி எழுதிக் காட்டுவேன், ஃபீஸ் இல்ல, மாசம் ஆயிரம் வரும், உங்க கைக்காசு இவ்வளவுதான்னு. அந்தப் பேப்பர மடிச்சு சட்டைப் பையில வெச்சிட்டுப் போவாங்க.

பத்தாவதுல ஃபெயில் ஆனவங்க லிஸ்ட்ட மட்டும் மே மாசம் விட்டுடாதீங்க. ரிசல்ட் வர அன்னிக்கே எல்லாருக்கும் போன். துணைத்தேர்வு ஜூலைல வந்துடும், பீஸ் கட்டற தேதி அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். வெல்டர் மாதிரி சில ஐடிஐ பிரிவுக்கு எட்டாவது பாஸே போதும். ப்ளஸ் டூல சயின்ஸ் முடிச்சவன் பாலிடெக்னிக்ல நேரா செகண்ட் இயர் சேரலாம். இதெல்லாம் நமக்குச் சாதாரணம், ஆனா அந்த ராத்திரி அந்தப் பையனுக்கு முன்னாடி சுவர் மட்டும்தான் இருக்கும். ஒரு கதவு இருக்குன்னு சொல்ற குரல் அன்னிக்கே போகணும்.

அக்டோபர் 5
நாளைக்கு ஸ்கூல் திறக்குது, காலாண்டுப் பேப்பர் குடுப்பாங்க. ஒரு புது டீச்சர் தனியா கேட்டாங்க, "சாகணும்னு தோணுதான்னு பிள்ளைகிட்ட நேரா கேக்கலாமா மேடம், கேட்டா நாமளே எண்ணத்தக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

கேக்கலாம். கேக்கணும். கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது தப்பு, பெரும்பாலும் யாரோ கேட்டாங்களேன்னு பிள்ளைக்கு மூச்சு வரும். "ஆமா"ன்னு சொல்லிட்டா அறிவுரை வேணாம், "அம்மா அப்பாவ நெனச்சுப் பாரு"ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்தப் பிள்ளை அவங்களத்தான் ராப்பகலா நெனச்சிட்டிருக்கும். தனியா விடாதீங்க, பாத்ரூமுக்கும் கூட ஆள் போகட்டும். வீட்ல நம்பகமான ஒருத்தர வரவெச்சு அவங்க கையில ஒப்படைங்க, பூச்சி மருந்து வீட்டுக்குள்ள இருந்தா எடுத்து வேற இடத்துல பூட்டச் சொல்லுங்க, விவசாயம் பண்ற ஊர்ல இது ரொம்ப முக்கியம். 14416 டெலி மானஸ், அரசாங்க மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். மாவட்ட ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருப்பாங்க, முதல் தடவ நீங்களே கூடப் போங்க, ஓ.பி. சீட்டு எங்க வாங்கணும்னு தெரியாமலே திரும்பி வந்த குடும்பம் உண்டு. அடுத்த நாளும், அடுத்த வாரமும் அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க.

பேப்பர் குடுக்கும்போது மார்க்க சத்தமா வாசிக்கற வழக்கம் இருந்தா நாளைலருந்து நிறுத்துங்க. மார்க்க வெச்சு செக்ஷன் பிரிக்கறது, எல்லார் முன்னாடி அவமானப்படுத்தறது ரெண்டும் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டோட அந்த ஜூலை தீர்ப்புலயே வழிகாட்டுதல் இருக்கு. ஆசிரியர், மத்த ஸ்டாஃப் எல்லாருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பயிற்சி குடுக்கணும்னும் இருக்கு. அதுல வாட்ச்மேன், ஆயாம்மா, சத்துணவு அக்கா எல்லாரையும் உக்கார வெங்க. எந்தப் பிள்ளை சாப்பிடாம தட்டோட உக்காந்திருக்குன்னு எனக்கு எத்தனையோ தடவ சொன்னது சத்துணவு அக்காதான்.

அக்டோபர் 26
முதல் நாள் "ரூம் கடைசி"ன்னு அடிச்சுச் சொன்னேன். அதுல கொஞ்சம் மாத்திக்கறேன். தீபாவளி லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு ஒம்பதாவது பையன் ஒருத்தன், லீவுல அப்பா தவறிட்டார், ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு தேம்பறான், போறவங்க வர்றவங்க எல்லாம் "என்னடா என்னடா"ன்னு கேக்கறாங்க. அவனக் கூட்டிட்டுப் போய் உக்கார வெக்க ஒரு இடம் இல்ல. லேப்ல ப்ராக்டிகல், லைப்ரரில வகுப்பு. கடைசில சைக்கிள் ஷெட்ல, ரெண்டு சைக்கிளுக்கு நடுவுல தரையில உக்காந்தோம், நான் ஒண்ணும் பேசல, முக்கால் மணி நேரம் அவன் அழுதான்.

ரூம் வேணும் சார். போர்டு வேணாம். லைப்ரரிக்குள்ள ஒரு தடுப்பு, இல்ல லேப் பின்கட்டு, வேற காரணத்துக்கும் பசங்க போற வழியில இருக்கணும், எதுக்குப் போறான்னு வெளிய தெரியக்கூடாது. கதவுக்கு வெளிய பேச்சு கேக்கக் கூடாது, ஆனா கண்ணாடி வழியா ஆள் இருக்கறது தெரியணும். பிள்ளைக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

அதே மாதிரி 'நம்ம டீச்சரே போதும்'ங்கற மாதிரி எழுதிட்டேனோன்னும் தோணுது. போதாது. நான் என்சிஇஆர்டி நடத்தற ஒரு வருஷ டிப்ளமோ போகணும்னு ரொம்ப நாளா ஆசப்பட்டேன், மைசூர்ல சென்டர், வீட்ல மாமியார் படுத்த படுக்கை, போக முடியல. படிக்காததோட குறை எனக்கு நல்லாத் தெரியும். தன் கையத் தானே கீறிக்கற பொண்ணு வந்தப்ப எனக்குக் கேக்க மட்டும்தான் தெரிஞ்சுது, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல. அதோட, என்கிட்ட இண்டர்னல் மார்க் இருக்கு. மார்க் போடற கைகிட்ட ஒரு பிள்ளை எவ்வளவுதான் மனசத் திறக்கும்? மார்க் போடாத, பிரம்பு எடுக்காத, டி.சி எழுதாத ஒரு ஆள் நிஜமாவே வேணும். அந்த ஆள் வர்ற வரைக்கும் நாம பாத்துக்கணும், வந்ததும் பிள்ளைங்களக் கைப்புடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடணும்.

நவம்பர் 9
ஹெச்எம் சார் எழுதியிருக்கார். ஒரு சயின்ஸ் மேடத்துக்கு ஆறு பீரியட் ஒதுக்கி டைம்டேபிள்ல போட்டுட்டாராம், எட்டு முடியலையாம். பெட்டிய சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் மாத்தியிருக்கார். முதல் வாரம் 14 சீட்டு, அதுல 9 குடிதண்ணி. டைல்ஸ் காசுல ஆர்.ஓ. ரிப்பேர் பண்ணிட்டாங்களாம். 1098, 14416, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 மூணையும் ஒவ்வொரு கிளாஸ் சுவத்துலயும் ஒரு முழ உயரத்துக்கு பெயிண்ட்ல எழுத வெச்சிருக்கார். ரொம்ப சந்தோஷம் சார். ஆறே போதும் இப்போதைக்கு, ஆனா பரீட்ச டைம்ல அதத் தொடாதீங்க, பிப்ரவரிலதான் முதல்ல அதத்தான் எடுப்பாங்க.

"முதல்ல எந்த கிளாஸ்லருந்து ஆரம்பிக்கறது"ன்னு அந்த மேடம் கேட்டாங்களாம். எட்டாவது ஒம்பதாவது. பத்தும் ப்ளஸ் டூவும்தான் எல்லாரும் பாப்பாங்க, நின்னு போறவங்க ஒம்பதுல நிறைய.

இன்னிக்கு ரெஜிஸ்டர் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். 9 பி-ல ரெண்டு பசங்க, மூணு திங்கட்கிழமையா வரல. ஒருத்தன் பாட்டி நம்பர் இருக்கு, இன்னொருத்தனுக்கு பக்கத்து வீட்டு நம்பர்தான். நாளைக்கு முதல் பீரியட் முடிஞ்சதும் ரெண்டு பேர் வீட்டுக்கும் போடணும்.